என் நம்பர் அடித்த வேறொரு இரும்பு

இதைச் சொல்லத் தொடங்கினாலே எனக்கு இன்றும் காது மடல் சூடாகிவிடும். வயசாச்சு, போகட்டும் விடு என்கிறார்கள். ஏன் விட வேண்டும்? நான் விட்டால் யாருக்கு லாபம்?

எண்பதுகளின் தொடக்கம். கொச்சியில், மட்டாஞ்சேரி படகுத்துறையில் போட் ஏறி, எறணாகுளத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து எஞ்சினியரிங் காலேஜுக்குப் போவேன். மெக்கானிக்கல் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படம் வரைகிற நீளக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டில் நின்றால் யாராவது ஒருவர் வாயைக் கொடுப்பார். "படிச்சு முடிச்சு லாரி ரிப்பேருக்குப் போவியா மோளே?" நானும் சும்மா இருக்க மாட்டேன். "ஆமா சேட்டா, உங்க லாரி கேடானா தள்ளிக்கிட்டு வாங்க" என்பேன்.

காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாப் பிரிவு மாணவர்களும் முதலாண்டில் அங்கே வந்து இரும்பைப் பிடித்தாக வேண்டும். ஆனால் பெண்கள் பிடிக்க வேண்டாம். சுவரோரம் ஸ்டூல் போட்டிருக்கும். உட்கார்ந்து ரெக்கார்டு எழுதலாம். அவர்களுடைய வேலையை ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டரே செய்து முடித்து, அவரவர் பரீட்சை நம்பரையும் இரும்பில் அடித்துக் கொடுத்துவிடுவார். அதற்கு 'லேடீஸ் ஜாப்' என்று பெயரே உண்டு. வேறு பிரிவுப் பெண்களுக்கு அது பெரிய உபகாரம். கரும்பு தின்னக் கூலியா என்று சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் எப்படி உட்கார முடியும்? என் படிப்பே அதுதானே!

"மோளே, நீ அவிடெ இருந்நோ. ஞான் செய்து தராம்" என்றார் இன்ஸ்ட்ரக்டர் முதல் நாளே. நீ உட்காரு, நான் செய்து தருகிறேனாம். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் மீது கோபப்படுவதைப் போல ஒரு தொல்லை வேறில்லை.

"வேண்டாம் சார், நானே செய்யறேன்" என்றேன்.

ஃபிட்டிங்கில் எங்களுக்குக் கொடுத்த வேலை, அங்கே சொல்கிற மாதிரி ஜாப், இதுதான்: இரண்டு இரும்புத் தகடு. ஒன்றில் சதுரமாக ஒரு நாக்கு, மற்றதில் அந்த நாக்கு போய் உட்கார ஒரு பள்ளம். அரத்தால் ராவி ராவித்தான் கொண்டுவர வேண்டும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. என் முதல் தகட்டில் கொச்சிக் காயலே தெரிந்தது. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து, கப்பைக் கிழங்கையும் மீன்கறியையும் பிசைந்து சாப்பிடும்போது மிளகாய் பட்டு உயிர் போயிற்று. விடவில்லை. வருடக் கடைசியில், யூனிவர்சிட்டி பிராக்டிகல் பரீட்சையில், ஒரு பக்கம் மட்டும் மயிரிழை போல வெளிச்சம் வருகிற ஒரு ஜாப் செய்து முடித்தேன். எண் பொறிக்கிற பஞ்ச் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டி என் நம்பரையும் நானே அடித்தேன். கடைசி எண் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. சாயட்டும், என் கை அடித்தது.

இன்ஸ்ட்ரக்டர் எல்லாருடைய ஜாபையும் தட்டில் வாங்கிக்கொண்டு எக்ஸாமினர் இருந்த அறைக்குப் போனார். நான் மேஜையைத் துடைத்து, இரும்புத் தூளைக் கொட்டப் பழைய இரும்பு டிரம்மிடம் போனேன். அதற்குள் கிடந்தது என் ஜாப். சாய்ந்த நம்பரோடு, குப்பையில்!

எனக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது. அதை எடுத்துக்கொண்டு நேரே அறைக்குள் நுழைந்தேன். எக்ஸாமினர் கையில் என் நம்பர் அடித்த வேறொரு இரும்பு. பளபளவென்று, நூல் பிடித்தாற்போல. நடுவே ஊசி முனை வெளிச்சம் இல்லை.

"அது என்னுது இல்ல சார். இதுதான் என்னுது."

இன்ஸ்ட்ரக்டர் முகம் வெளுத்துவிட்டது. "மோள்டெ நன்மைக்கல்லே செய்தது?" என்றார். என் நன்மைக்காம்! யாருடைய நன்மை, மண்ணாங்கட்டி நன்மை!

எக்ஸாமினர் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஜாப் மாறியதென்றால் அது மால்பிராக்டிஸ், எழுதி அனுப்பினால் உன் பரீட்சைதான் ரத்தாகும், இவருக்கும் வேலை போகும், போய் வண்டி ஏறு என்றார். முழு மார்க்கு போட்டாயிற்றாம். என் ஜாபைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். போட் முழுக்க அழுதேன், துக்கத்தால் அல்ல, ஆத்திரத்தால்.

வீட்டில் சொன்னதும் அம்மா, "முழு மார்க்கு கெடச்சதுக்கா இந்தப் பஹளமும் கூச்சலும்?" என்றாள். அப்பா சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு பஜாரில் ஒரு மிளகுக் குடோனில் வேலை. மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து சாம்பிள் எடுப்பவர்.

"அப்பா, நீங்க எடுத்த சாம்பிளை ஒருத்தன் மாத்தி வெச்சா என்ன செய்வீங்க?"

"அவனைக் குடோன் படி ஏற விடுவேனா? கையை முறிச்சிருவேன்."

"அப்ப என் சாம்பிளை மாத்தினவனை?"

அப்பா சாயாவைக் கீழே வைத்தார். பிறகு, "அது கச்சவடம். இது பெண்குட்டி விஷயம். விடு" என்றார்.

வியாபாரத்தில் மிளகுக்கு இருந்த மரியாதை கூட எனக்கு இல்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அப்பாவும் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னாள். எனக்கு இரக்கம் வரவில்லை.

படிப்பு முடிந்து, வெலிங்டன் தீவில் கப்பல் ரிப்பேர் செய்கிற ஒரு பட்டறைக்கு இன்டர்வியூ போனேன். பெரிய மேஜைக்குப் பின்னால் இருந்தவர் திருநெல்வேலிக்காரர். என் மார்க்குகளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒர்க்‌ஷாப்ல முழு மார்க்கு. ஏம்மா, பொம்பளப் பிள்ளைகளுக்கு அங்க யாராவது செஞ்சு குடுத்துருவாங்கன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்?"

அந்த மார்க்கைப் பொறுத்தவரை அவர் சொன்னது உண்மைதானே! பையைத் திறந்து, டிரம்மிலிருந்து எடுத்த என் ஜாபை மேஜைமேல் வைத்தேன்.

"இது நான் செஞ்சது சார்."

அவர் இரண்டு தகட்டையும் சேர்த்து ஜன்னல் பக்கம் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"வெளிச்சம் தெரியுதே. இதுக்கா முழு மார்க்கு போட்டான்?"

"இல்ல சார்" என்றேன். "இதுக்கு யாரும் மார்க்கே போடல."