சபையில் வாசிக்கப்பட்ட சீட்டு

கர்த்தருக்குள் அன்பானவர்களே, 2008 ஆகஸ்டு முதல் ஒன்பது மாதம் என் மகள் எஸ்தர் என்னோடு பேசவில்லை. குற்றம் என்னுடையது. அதை மறைக்காமல் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் லோயர் கேம்ப் மின் நிலையத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எஸ்தர் பெங்களூரில் கணினிப் பாதுகாப்பு எஞ்சினியர். கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர்கள் நுழையாமல் காக்கும் வேலை. எட்டு வருடம் பார்த்த அதை விட்டுவிட்டு ப்ராடக்ட் மேனேஜர் ஆகப்போவதாகப் போனில் சொன்னாள். ஜனங்களுக்கு என்ன தேவை என்று கேட்டறிந்து, எதைத் தயாரிப்பது என்று தீர்மானிக்கும் வேலையாம்.

"எஞ்சினியருக்குப் படிச்சிட்டு ஊர்க்கதை கேக்கப் போறியாத்தா?" என்றேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஞாயிறு ஜெப விண்ணப்பப் பெட்டியில், "என் மகள் எஸ்தரின் புத்தி தெளிய" என்று எழுதிப் போட்டேன். போதகர் அதைச் சபைமுன் வாசித்தார். எனக்குச் சொல்லாமல் ஊருக்கு வந்திருந்த எஸ்தர், பஸ்ஸை விட்டிறங்கி நேரே ஆலயத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து போய்விட்டாள்.

"நீங்க ஜெபமா பண்ணுனீக? ஆண்டவர்கிட்ட கோளுல்ல சொன்னீக!" என்றாள் என் மனைவி.

அதன்பின் எஸ்தர் போனில் அம்மாவிடம் மட்டுமே பேசினாள். மே மாதம் ஒரு காலை முழங்காலிட்டேன். "ஆண்டவரே, நான் அவளைப் பேசவே விடவில்லை. அவள் குரலை ஒருமுறை கேட்கச் செய்யும்" என்று அழுதேன்.

அன்று மத்தியானமே எஸ்தர் வாசலில் நின்றாள். அவள் வருவது அவள் அம்மாவுக்கும் தெரியாது.

"புது வேலைல, வயசானவககிட்ட ஒண்ணு காட்டிப் பாக்கணும். மொத ஆளு நீங்கதான்ப்பா."

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் டாக்டரிடம் முன்பதிவு செய்வதற்கானது அது. லேப்டாப்பை என்முன் வைத்துவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே அழுத்துவது என்றே எனக்குப் பிடிபடவில்லை. டர்பைன் ஓட்டிய கை கண்டபடி அழுத்தியது.

"நான் மக்காப் போயிட்டேன் ஆத்தா."

"தப்பு உங்க மேல இல்லப்பா. எங்கன தடுமாறுவீகன்னு நாங்கதான் கேக்காம விட்டுட்டோம்."

நான் அவளுக்குச் செய்யாததை அவள் எனக்குச் செய்தாள்.

"என்னய மன்னிச்சிரு ஆத்தா. பழைய வேலைல உனக்கு என்ன கஷ்டம்?"

"எட்டு வருசமா அடுத்தவக தப்பையே தேடுனேன்ப்பா. கூட வேல பாத்தவகளே என்னயக் கண்டா ஒளிஞ்சாக," என்று சிரித்தாள். விளக்கு வைக்கும்வரை பேசினாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சபையே ஜெபித்த அந்தச் சீட்டுக்கும் தேவன் பதில் கொடுத்தார். புத்தி தெளிந்தது எனக்கு.

பிள்ளையோடு பேச்சற்றுப்போன தகப்பன் யாரேனும் இதை வாசித்தால், வெட்கப்படாமல் முழங்காலிடுங்கள். முதலில் உங்களுக்காக ஜெபியுங்கள். என்னையே மாற்றியவர் உங்களைக் கைவிடமாட்டார்.