ஒன்பது இலக்க எண்கள்

எங்கள் கண் மருத்துவமனையில் அவருக்கு வடிகட்டி அக்கா என்று பெயர். பெயர் வைத்தது நான்தான். முகத்துக்கு நேராகவே சொல்லி முதுகில் ஓர் அடியும் வாங்கியிருக்கிறேன்.

அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் என்பது கணினியில் பதினோராயிரத்துச் சொச்சம் வரிசைகள் கொண்ட ஒரு ஷீட். தினமும் காலை எட்டு மணிக்கு அதைத் திறந்து, யாருடைய முறை வந்துவிட்டது, யாருக்குப் பரிசோதனை பாக்கி, யார் பெயரை நீக்க வேண்டும் என்று மூன்றாகப் பிரிப்பது அக்காவின் வேலை. ஃபில்டர் போடுவார், தெரிவதை நகலெடுப்பார், வேறு ஷீட்டில் ஒட்டுவார், ஃபில்டரை எடுப்பார், மறுபடி போடுவார். பத்தரை மணிவரை இதே பாடுதான். அதன்பிறகு தொலைபேசிப் பிரிவில் இருக்கும் நாங்கள் மூன்று பேரும் அவர் தரும் பட்டியலை வைத்து நோயாளிகளைக் கூப்பிடுவோம். திரையில் எண்ணைத் தொட்டால் போதும், கணினியே அழைத்துவிடும். மூன்று முறை கிடைக்காவிட்டால் பெயருக்கு எதிரே ‘தொடர்பு இல்லை’ என்று போடுவோம். மறுநாள் அந்தப் பெயர் பட்டியலில் இருக்காது.

அந்த வருடம், ஷீட்டுக்குள்ளேயே ஸ்கிரிப்ட் என்ற கட்டளை வரிகளை எழுதி இப்படிப்பட்ட வேலைகளைத் தானாக நடக்கவைப்பது எப்படி என்று ஒரு பயிற்சி வகுப்பு வந்தது. அக்கா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். அவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. கண்காணிப்பாளர் அந்தப் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்.

“ரிட்டயர் ஆகப்போற நேரத்துல உங்களுக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி?”

“இன்னும் ஆறு வருஷம் இருக்கு சார்.”

“அதைத்தான் சொல்றேன்” என்று சிரித்தார்.

வகுப்புக்குப் போன நான் இரண்டு நாளும் நன்றாகத் தூங்கிவிட்டு, கொடுத்த கையேட்டோடு திரும்பி வந்தேன். அக்கா அதை என்னிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். மதியம் ஒரு கையில் சாப்பாடு, மறு கையில் கையேடு. பட்டியலின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தார். முதல் ஸ்கிரிப்ட் முறை வந்தவர்களை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் எடுத்தது. இரண்டாவது, தலைப்பு வரிசையையும் ஒரு நோயாளியாகச் சேர்த்துக்கொண்டது. “பெயர்னு ஒருத்தருக்கு ஆபரேஷனாம், வயசும் வயசாம், கூப்பிடுடி” என்றார் அக்கா. மூன்றாவது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் கணவர் பஸ் ஓட்டுநர். இதைக் கேட்டுவிட்டு, “கடைசி ஸ்டாப் எதுன்னு அதுக்குச் சொன்னியா? சொல்லலைன்னா எந்த வண்டியும் ஓடிக்கிட்டேதான் இருக்கும்” என்றாராம். மறுநாள் கடைசி வரிசை எது என்று சேர்த்து எழுதினார். நின்றது.

இரண்டரை மணி நேர வேலை, தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்தது. கண்காணிப்பாளருக்கு வழக்கம்போல் பத்தரைக்குப் பட்டியல் போயிற்று. மிச்ச நேரத்தில் அக்கா சும்மா இருக்கவில்லை. ஒரே நோயாளி இரண்டு முறை பதிவாகியிருந்தால் காட்டும்படி இன்னொன்று எழுதினார். அதில்தான் சிக்கல் வந்தது. ஒரே பெயர், ஒரே வயது, ஒரே தெரு. ஆனால் தொலைபேசி எண் ஒன்றல்ல என்று ஸ்கிரிப்ட் அடம்பிடித்தது.

“ரெண்டும் ஒண்ணுதானேடி?” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் ஒன்றாகத்தான் பட்டது. அக்கா திரையில் விரலை வைத்து ஒவ்வோர் இலக்கமாக எண்ணினார். ஒன்றில் பத்து. மற்றதில் ஒன்பது. எங்கள் நாட்டுத் தொலைபேசி எண்கள் எல்லாமே பூஜ்ஜியத்தில் தொடங்கும்; முன்னால் இருக்க வேண்டிய அந்தப் பூஜ்ஜியம் இல்லை.

மருத்துவமனையிலேயே பதிந்தவர்களின் எண்கள் ஒழுங்காக இருந்தன. வெளி முகாம்களில் பதிந்தவர்களின் விவரம் மட்டும் இரண்டு வருடமாகக் கோப்பாக வந்து ஷீட்டில் ஏறுகிறது. ஏறும்போது, எண்ணுக்கு முன்னால் பூஜ்ஜியம் எதற்கு என்று ஷீட் அதைத் தள்ளிவிட்டிருக்கிறது. அக்கா அங்கேயே ஐந்து வரி தட்டினார்: நீக்கப்பட்டவர்களின் ஷீட்டில், எண் பத்து இலக்கம் இல்லாதவர்களை எடு.

நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

நான் பெயர்களைக் கீழே தள்ளிப் பார்த்தேன். “அக்கா, தொடர்பு இல்லைன்னு போட்டது நான்தானே?”

“போகாத நம்பருக்குக் கூப்பிட்டிருக்க. அழறதுன்னா அப்புறம் அழுதுக்கலாம். இப்ப பிரிண்ட் எடு.”

காகிதக் கட்டோடு கண்காணிப்பாளர் அறைக்குப் போனோம். காத்திருப்போர் பட்டியலைக் குறைத்துக்காட்டியதற்காக மேலிடத்தில் பாராட்டு வாங்கியிருந்தவர் அவர். முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார்.

“நீக்கினது நீக்கினதுதான். வேணும்னா மறுபடி பதிஞ்சுக்கட்டும்.”

“மறுபடி பதிஞ்சா வரிசையில கடைசியில நிப்பாங்க சார். சிலர் ரெண்டு வருஷமாக் காத்திருக்காங்க.”

“ஸ்கிரிப்ட் எழுத உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தா?”

“கேட்டேன், நீங்க கொடுக்கல. நானே எடுத்துக்கிட்டேன்.”

“முதல்ல அதை அழிங்க.”

“அழிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்க, அழிக்கிறேன்.”

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. தொலைபேசிப் பிரிவிலிருந்து அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரை அழைக்கக் கூடாது என்று மட்டும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். “பிரிவுலேர்ந்துதானே கூடாது?” என்றார் அக்கா. ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் பூஜ்ஜியத்தைத் திருப்பிச் சேர்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். மதிய இடைவேளையில் மருத்துவமனைக்குப் பின்னால், சலவைக்கு மூட்டை கட்டிய துணிகள் மேல் உட்கார்ந்து, எங்கள் சொந்தக் கைபேசிகளில் கூப்பிடத் தொடங்கினோம். பன்னிரண்டு நாள்.

அக்கா முதலில் கூப்பிட்டது ஒரு தையற்காரம்மாவை. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. “கூப்பிட்டுட்டீங்களா! ஊசியில நூல் கோக்க முடியாம மெஷினை மூடி வச்சு மூணு மாசம் ஆச்சும்மா. நீங்க கூப்பிடுவீங்கன்னு இந்த போனை ஒரு நாள்கூட சார்ஜ் இல்லாம விட்டதில்ல.”

அக்கா காகிதத்தில் அவர் பெயரைச் சுற்றி வட்டம் போட்டார். பிறகு, “தப்பு எங்க மேலம்மா. வர்ற மாசம் முதல் செவ்வாய்க்கிழமை, பதிவுச் சீட்டோட வாங்க” என்றார். எல்லோருக்கும் அதே நாளைத்தான் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நூற்றெழுபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். கூடத்தில் நாற்காலி போதவில்லை. மாடிப்படியெல்லாம் ஆட்கள். கண்காணிப்பாளர் வேர்த்துக்கொட்ட வந்து நின்றார்.

“யார் இவங்களை வரச் சொன்னது?”

அக்கா எழுந்தார். “நான்தான் சார்.”

“என்ன அதிகாரத்துல?”

அருகிலிருந்த ஒருவரின் சீட்டை வாங்கி உயர்த்திக் காட்டினார். “இதுல நம்ம முத்திரை இருக்கு. முறை வரும்போது கூப்பிடுவோம்னு எழுதியிருக்கு. முறை வந்துச்சு, கூப்பிட்டேன்.”

சத்தம் கேட்டுத் தலைமை மருத்துவர் இறங்கி வந்தார். நாலைந்து சீட்டுகளைப் புரட்டினார். அக்காவின் மேசைக்கு வந்து, “ஓட்டிக் காட்டுங்க” என்றார். ஓட்டிக் காட்டினார். “இன்னொரு தடவை.” மறுபடியும் அதே நானூற்றுப் பன்னிரண்டு. மருத்துவர் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பாமலே, “எல்லாரையும் பழைய தேதியிலேயே சேருங்க” என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

முந்நூற்று முப்பத்தொரு பேர் பட்டியலுக்குத் திரும்பினார்கள். முப்பத்தெட்டுப் பேர் ஏற்கெனவே வேறெங்கோ சிகிச்சை செய்துகொண்டுவிட்டார்கள். இருபத்தொன்பது பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பதினான்கு பேர் இறந்துபோயிருந்தார்கள். அந்தப் பதினான்கு வரிசைகளை அழிக்க அக்கா யாரையும் விடவில்லை. தனி ஷீட்டில் வைத்தார். தையற்காரம்மாவுக்கு ஆறாவது வாரம் அறுவை சிகிச்சை நடந்தது.

அக்காவுக்கு மெமோ வந்தது. அனுமதியின்றிச் செயல்பட்டது, சொந்தக் கைபேசியைப் பயன்படுத்தியது என்று இரண்டு குற்றம். வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதினால் விட்டுவிடுவதாகவும் சொன்னார்கள். எழுதவில்லை. கீழே இருக்கும் துணி அறைக்கு மாற்றினார்கள்: படுக்கை விரிப்பு, அறுவை அங்கி, கண்ணை மறைக்கும் துணி. அவருடைய ஸ்கிரிப்ட் மட்டும் மேலேயே இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்குத் தானாக ஓடுகிறது. ஆண்டறிக்கையில் அது ‘பிரிவின் புதிய முயற்சி’ என்று வந்தது. கண்காணிப்பாளர் படம் போட்டிருந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வருத்தக் கடிதத்தை நானே தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு துணி அறைக்குப் போனேன். “ஒரே வரிதானேக்கா. கையெழுத்துப் போட்டா மேல வந்துடலாம்.”

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“வருத்தம் இல்லாம இல்லடி. பதினாலு பேருக்காக நிறைய இருக்கு. அதை எதுக்கு இவங்ககிட்ட எழுதிக் கொடுக்கணும்?”

கடிதத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த அலமாரிக்குப் போனார். மூன்று நினைவூட்டல் வந்தாயிற்று. அந்த மெமோவுக்கு இன்றுவரை பதில் போகவில்லை.