ஸ்லோ குக்கர் பக்கத்தில் மல்லிகா டீச்சர்

மல்லிகா டீச்சர் போய்விட்டார். காலையில் அவர் மகன் போன் செய்தான்... ஹார்ட் அட்டாக்.

அழுகை வரவில்லை. பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், கடைசி வரை தைரியம் இருந்தால்.

பத்தொன்பது வருடம் ஒரே ஸ்கூல். அவர் கணக்கு, நான் தமிழ். சாயங்காலம் பெல் அடித்ததும் நாங்கள் பஸ்ஸுக்கு ஓடுவோம். அவர் மட்டும் சத்துணவுக் கூடத்துக்குப் போய், அடுப்புச் சாம்பலில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

ஸ்டாஃப் ரூமில் அவருக்கு ‘ஃபயர் சர்வீஸ்’ என்று பெயர். வைத்தது நான்தான். என் வாய் சும்மா இருக்காதே.

ரிட்டையர் ஆன பிறகு, கனடாவிலிருந்து வந்த என் மகள் ஒரு ஸ்லோ குக்கர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் சாயங்காலம் வருவதாக இருந்தது. ஆட்டுத் தொடைக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, தட்டின மிளகு, உப்பு, அரை டம்ளர் தண்ணீர். ‘லோ’வில் வைத்தால் எட்டு மணி நேரம், கிளறக்கூட வேண்டாம்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு, நானும் மல்லிகா டீச்சரும் தஞ்சாவூரிலிருந்து நன்னிலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குக் காரில் கிளம்பினோம். அம்மாப்பேட்டை தாண்டியதும், மருமகனுக்குக் கறி வெந்துகொண்டிருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

“வீட்ல யாரு இருக்கா?”

“யாருமில்ல டீச்சர். அதுபாட்டுக்கு வேகும்.”

“பூட்டிட்டா வந்தீங்க?”

டிரைவரின் தோளைத் தட்டி, “தம்பி, வண்டியத் திருப்புங்க” என்றார். கரண்டுச் சட்டிதான், தீயே கிடையாது என்று எவ்வளவோ சொன்னேன். என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை வீடு வரும்வரை விடவில்லை.

வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி மூடி வியர்த்திருந்தது, அவ்வளவுதான். கட்டிய பட்டுப்புடவையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தவர், சாயங்காலம் வரை நகரவில்லை. மூடி லொடக்கென்று ஆடும்போதெல்லாம் எழுந்து நின்றார்.

அப்போதுதான் சொன்னார்.

கூலி உயர்வு கேட்டு அவர்கள் தெரு அறுப்புக்குப் போகாத வருடம். அவருக்கு எட்டு வயது. மாமா வாங்கி வந்த அரைக் கிலோ கறியை அவர் அம்மா மண்சட்டியில் போட்டு, உமித் தணலில் உட்கார்த்தி, மேலே சாம்பல் மூடிவிட்டுச் சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். பட்டப்பகல். திரும்பி வருவதற்குள் தெருவே எரிந்தது. பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த பெரியவரைக் காப்பாற்ற முடியவில்லை.

தீ அவர் அம்மா அடுப்பிலிருந்து வந்தது என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து.

“நாந்தான் அந்தப் பெரியவரக் கொன்னுட்டேன்னு சொல்லிச் சொல்லியே அம்மா செத்துச்சு. அப்புறம் கறியவே தொடல... நீங்க சொல்லுங்க டீச்சர், சாம்பல் மூடின தணல் அப்படிப் பத்திக்குமா?”

எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார்.

எங்கள் நிலம் இருந்த ஊர் அது. அந்தக் கையெழுத்தில் ஒன்று என் அப்பாவுடையது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். “மண்ணெண்ணெய் டின்னோட போனவங்களப் பாத்தேம்மா. நம்ம ஆளுங்கதான். அடுப்புன்னு எழுதிக் கொண்டாந்தாங்க... போட்டுட்டேன்.”

மல்லிகா டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருக்குத் தெரியும் டீச்சர்... பழச விடுங்க” என்றேன். பயம். சொன்னால் எழுந்து போய்விடுவாரோ, இனி இந்த வீட்டுப் படியே மிதிக்க மாட்டாரோ என்ற பயம்.

கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்று வந்தது. ஒரு துண்டை வாயில் வைத்து ரொம்ப நேரம் மென்றார். “அம்மாவுக்குக் குடுத்து வைக்கல” என்றார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தது எனக்கு. வாரா வாரம் போனில் பேசினோம். அடுத்த வாரம் சொல்லிவிடலாம், அடுத்த வாரம்...

இந்த ஃபேஸ்புக் பதிவைப் படிக்கும் என் தம்பிக்கும் சித்தப்பா பிள்ளைகளுக்கும்: போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். டெலிட்டும் செய்ய மாட்டேன்.

நாளை காலை பதினொரு மணிக்கு எடுக்கிறார்களாம். அங்கே போய் அவர் மகன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் இதைப் படித்திருப்பான்.

பத்திக்காது டீச்சர். உங்க அம்மா அடுப்பு இல்ல அது. போயிட்டு வாங்க.