வட்டம் மறையாத முதுகு

என் வீட்டுக்காரருக்கு டாக்டர் என்றாலே ஆகாது. முப்பது வருடம் பட்டறையில் லேத் மெஷின் முன் குனிந்து நின்ற உடம்பு. வலித்தால் தைலம், கேட்காவிட்டால் இன்னொரு தைலம். போன வருடம் வலி தோள்பட்டை வரை ஏறியதும் யாரோ கப்பிங் நல்லது என்று சொல்ல, கணபதி ஏரியாவில் ஒரு பேக்கரி மாடியில் இருந்த சென்டருக்குக் கிளம்பிவிட்டார்.

நானும் கூடப் போனேன். அங்கிருந்த அம்மா மரியாதையானவர். இவரைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் பிளாஸ்டிக் கப்புகளைக் கவிழ்த்து, சின்ன பம்ப்பால் காற்றை உறிஞ்சினார். தோல் பன் மாதிரி உப்பி எழுந்தது. எடுத்தபோது முதுகெங்கும் கருஞ்சிவப்பு வட்டங்கள். எவ்வளவு கறுப்போ அவ்வளவு கெட்ட ரத்தம் என்றார் அந்த அம்மா. இவருக்கு ஒரே பெருமை. பட்டறையில் சட்டையைக் கழற்றிக் காட்டியிருக்கிறார். பெரிய மெடல் வாங்கி வந்துவிட்டீர்களாக்கும் என்று திட்டினேன். ஆனால் அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

வட்டம் ஒரு வாரத்தில் மறைந்துவிடும் என்றார்கள். இவருக்கு மாதம் திரும்பியும் கறுப்பு அப்படியே நின்றது. உள்ளே கசடு அதிகம், இன்னொரு தடவை வைக்கலாம் என்றார் அந்த அம்மா. இவரும் தலையாட்டினார். பழைய வட்டத்தின் மேலேயே புது வட்டம் விழுந்தது.

ஒரு நாள் எண்ணெய் தேய்த்துவிடும்போது இவர் தொடையில் ஒரு கறுப்பைப் பார்த்தேன். முழங்கையில் இன்னொன்று. அங்கேயெல்லாம் யாரும் கப் வைக்கவில்லை. இது என்ன என்று கேட்டேன். எங்காவது இடித்திருப்பேன் என்றார். இழுத்துக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்யவைத்தேன்.

ரத்தப் புற்றுநோய். ரத்தத்தை உறையவைக்கும் அணுக்களே குறைந்துவிட்டன, லேசாக அழுத்தினாலும் கன்றிப்போகும் என்றார் டாக்டர். ஊசி, மாத்திரை, ஏற்றிய ரத்தம் எதுவும் கைகொடுக்கவில்லை. கடைசியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கப்பிங் அம்மா இவருக்குப் போன் செய்து, ஏன் வருவதில்லை என்று கேட்டார். நாலு கேள்வி கேட்கலாம் என்று போனைப் பிடுங்கப் போனேன். இவர் தரவில்லை.

"வேல சாஸ்திங்க. அடுத்த வாரம் வாரேனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எழுந்து உட்காரவே முடியாத மனிதருக்கு எதற்கு இந்தப் பொய் என்று கத்தினேன்.

"தெரிஞ்சா அவங்க சங்கடப்படுவாங்க, அம்மணி. உடு."

ஊரில் எல்லாருக்கும் மரியாதை பார்க்கிற இந்த மனிதரை எனக்கென்று விட்டுவைக்க அந்தக் கடவுளுக்கும் மனசில்லை.

அன்று சாயங்காலம், முதுகு வலிக்கிறது, கொஞ்சம் தடவிவிடு என்றார். கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்ட முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. கையை வைத்தேனே தவிர, அழுத்தவே இல்லை. சுகமாக இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

காலையில் பார்த்தால் என் ஐந்து விரல்களும் அவர் முதுகில் கறுத்துக் கிடந்தன. அவரிடம் சொல்லவில்லை. சட்டையை மாட்டிவிட்டேன்.