உப்புப் பார்க்கிறவள்

எங்கள் அம்மா சமைக்கும்போது எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டாள். மில்லில் ஷிப்ட் முடிந்து அப்பா வந்து சாப்பிடும் முன்னால் குழம்பில் தன் நாக்கு படக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். யார் அவளுக்கு அதைச் சொன்னார்களோ, தெரியாது. அதனால் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் உப்புப் பார்க்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்து வரும் நேரத்தில், "ஏட்டி, வா இங்கன" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும். தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாலும் போட்டது போட்டபடி ஓடுவேன். உள்ளங்கையை நீட்டினால் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விடுவாள். ஊதி நக்கிவிட்டு, பெரிய ஜட்ஜ் மாதிரி மோட்டுவளையைப் பார்த்து யோசிப்பேன். "ஒரு கல்லு போடும்மா" என்றால் ஒரு கல் உப்புப் போடுவாள். "சரியா இருக்கு" என்றால் விறகை வெளியே இழுத்துவிடுவாள். மற்ற எதற்கெடுத்தாலும் என்னை அதட்டுகிறவள், உப்பு விஷயத்தில் மட்டும் நான் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசியதில்லை.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. "தெரியலம்மா, இன்னொரு சொட்டு விடு" என்பேன். அவளுக்கா தெரியாது? இரண்டாவது சொட்டோடு ஒரு ஈரல் துண்டும் கையில் வந்து விழும். "உப்புப் பாக்குற மூஞ்சியப் பாரு" என்று கரண்டிக் காம்பால் தலையில் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தத் தட்டுக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்த நாட்கள் உண்டு.

எண்பதுகளின் நடுவில் என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்தார்கள். பஸ் ஏறினால் அரைமணி நேரம், அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கு மாட்டுத் தொழுவம். கறக்கிற பால் முழுக்கப் பால்கோவா போடுகிறவர்களுக்குப் போகும். காலையில் எழுந்தால் தெருவே காய்ச்சிய பால் மணத்தில் மிதக்கும். புதுப்பெண்ணாக அந்த மணத்தைக் குடித்துக்கொண்டே வாசல் தெளித்தது நன்றாக நினைவிருக்கிறது. பால்கோவா என்றால் எனக்கு உயிர். வாணலியின் அடியில் ஒட்டியதைச் சுரண்டி இலையில் மடித்து அவர் கொண்டுவந்தால், ராத்திரிக்குச் சோறு வேண்டாம் என்று அதையே தின்றுவிட்டுப் படுத்திருக்கிறேன்.

கல்யாணமான சில வருஷங்களில் ஒரு பசுவின் கன்று செத்துப் போனது. கன்று இல்லாமல் பசு பாலை இறக்காது. அப்போதெல்லாம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். செத்த கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோல் அடைத்துத் தைப்பார்கள். காலுக்கு நாலு குச்சி. அந்த வைக்கோல் கன்றைப் பசுவின் முன்னால் நிறுத்தினால் அது நக்கும். நக்கிக்கொண்டிருக்கும்போதே கறந்துவிடுவார்கள். விடியற்காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துகிற வேலை எனக்கு. கனமே இருக்காது. இடுப்பில் இடுக்கிக்கொண்டு போவேன். பசு என் நடைச் சத்தம் கேட்டதுமே தலையைத் திருப்பி, தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் கொடுக்கும். முதல் நாளிலிருந்தே எனக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை.

ஒரு மழைக்காலத்தில் தோல் நனைந்து ஊறிப்போயிருந்தது. வழக்கம்போல நிறுத்தினேன். பசு கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் நக்கிக்கொண்டே வந்தது. நக்க நக்கத் தையல் விட்டு, உள்ளே இருந்த வைக்கோல் வெளியே வந்தது. பசு அதை முகர்ந்து பார்த்தது. பிறகு, பிள்ளையின் வயிற்றிலிருந்து வைக்கோலை இழுத்து மெல்ல ஆரம்பித்தது. பசி அதற்கு. கீழே அவர் பாட்டுக்குக் கறந்துகொண்டிருந்தார். செம்பு நுரை கட்டி நிரம்பியது.

அன்றைக்குக் காலையில் காப்பித் தம்ளரைத் தொட முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. கடுங்காப்பி போட்டுக் குடித்தேன். தயிர் போனது, மோர் போனது, நெய் போனது. பால்கோவா வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். பாலையே விட்டவளுக்குக் கறி எப்படி இறங்கும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு அதுவும் நின்றது. இதற்கு இப்போது வீகன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது எங்கள் பக்கம் அதற்கு ஒரே பெயர்தான், கிறுக்கு.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். தொழுவத்தில் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ குடிக்காட்டிப் போ. கறக்காதீகன்னு மட்டும் சொல்லிராத. இத வச்சுத்தான் பொழப்பு" என்றார். நான் சொல்லவில்லை. என் தட்டில் விழுந்த சோறு பால் காசில் வந்த சோறுதான். அதை எனக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வந்தவர்களுக்கு நன்றாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவிடம் போய்ச் சொன்ன விதம்தான் விபரீதமாகிப் போனது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பியதுமே எங்கள் வீட்டுக் குழம்பு மணம் வந்துவிட்டது. வாசற்படி ஏறும் முன்பே, "ஏட்டி, நல்ல நேரத்துக்கு வந்தே, கையை நீட்டு" என்றாள். கரண்டியோடு நிற்கிறாள். முகமெல்லாம் வேர்வை, அதற்குள் ஒரு சிரிப்பு. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நா இப்ப கறி திங்கிறதில்லம்மா. அதுவும் ஒரு உசுருதானே?"

அம்மா கரண்டியைக் குழம்பில் விட்டுவிட்டாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள்: "அப்ப நா இம்புட்டு நாளும் உனக்கு என்னத்த ஊட்டுனேன்? பாவத்தையா?"

இல்லையம்மா என்று சொல்லியிருந்தால் என் பேச்சு பொய். ஆமாம் என்றால் அவள் என்ன ஆவாள்? நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் பேசாமல் நின்றதையே பதிலாக அவள் எடுத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த தடவை எனக்கென்று தனியாகப் பருப்பு கடைந்து வைத்திருந்தாள். கிட்டப் போனதுமே தெரிந்துவிட்டது, மேலே நெய்யைத் தாராளமாக விட்டிருக்கிறாள். எனக்கு நெய்யும் ஆகாது என்று சொன்னதும் அவளுக்கு வந்ததே கோபம்! "கறியும் வேண்டாம், நெய்யும் வேண்டாம், பின்ன எதுக்குட்டி இங்க வாரே? எங்க மூஞ்சியப் பாக்கவா?" எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்றால் அது எங்கிருந்து வந்தது? அவளிடமிருந்து வந்ததுதான். பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். அம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன்னால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவேன். போனதும், "சாப்ட்டுட்டுத்தாம்மா வந்தேன்" என்பேன். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அவளும், "அப்படியா, சரி" என்பாள். பெற்ற பெண் வாசலில் வந்து நின்று அப்படிச் சொல்வதும், பெற்றவள் சரி என்று விட்டுவிடுவதும், எங்கள் ஊரில் கொடுமையிலும் கொடுமை. அந்தக் கொடுமையை வருஷக்கணக்கில் இரண்டு பேரும் முகம் சுளிக்காமல் செய்துகொண்டிருந்தோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வேறு கூத்து. பக்கத்து வீட்டு அம்மா பரம்பரைச் சைவம். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் கறி வெந்தால் ஜன்னலைப் படார் என்று சாத்துகிறவர், நான் கறியை விட்டது தெரிந்ததும் ஒரு சாயங்காலம் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். "நல்ல காரியம் பண்ணினே. உங்க அம்மா வீட்டுப் பழக்கத்த விட்டு மேல ஏறி வந்துட்டே" என்று சொல்லி ஒரு தம்ளர் மோரை நீட்டினார்.

மேலே ஏறி வந்தேனாம்! உடம்பெல்லாம் எரிந்தது. "எனக்கு மோரும் ஆகாது" என்றேன். ஏன் என்று கேட்டார். வைக்கோல் கன்றைச் சொன்னேன். "பால்ல என்னம்மா பாவம் இருக்கு? சாமிக்கே அபிஷேகம் பண்றோம்" என்றார். "இருக்கா இல்லையான்னு நான் உங்ககிட்டக் கேக்கலம்மா. உங்க மோர் உங்களுக்கு. ஆனா எங்க அம்மா அடுப்பப் பத்தி இன்னொரு வார்த்தை பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அன்றோடு ஜன்னல் மறுபடியும் சாத்திக்கொண்டது. அம்மாவுக்காக நான் ஒருத்தியிடம் சண்டை போட்டதை அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன், தெரியுமா? ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். போய் நின்றால், "சாப்ட்டுட்டுத்தாம்மா வந்தேன்" என்பதுதான் வாயில் வரும்.

ஆசை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கறியை விட்டால் கறி மீதான ஆசையும் போய்விடும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி ஆனால் எனக்கு இன்றைக்கும் நாக்கு ஊறும். கூடவே உள்ளங்கை குறுகுறுக்கும்.

ஒரு நாள் அப்பா ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் என்னை வழியனுப்ப வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க அம்மா ஒரு வாரம் உப்ப அள்ளிக் கொட்டுதா, மறுவாரம் சப்புன்னு இருக்கு. நாக்குல வச்சுப் பாத்தா என்னட்டின்னு கேட்டேன். உப்புப் பாக்க ஆளு இருக்கு, அவ வந்து பாக்கட்டுங்கா." அப்பாவுக்கு அது வேடிக்கை. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததுகூடத் தெரியாமல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளில் ஒரு கார்த்திகை மாதம், அம்மா குழாயடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டுக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் துணிமணியோடு போய்த் தங்கினேன். பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சு: "ஆட்டுக்கால் சூப்பு வச்சுக் குடுங்க, எலும்பு தன்னால கூடும்." அப்பா கடையில் வாட்டிய கால்களை வாங்கிக்கொண்டு வந்து, பையை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் நடுவீட்டில் நின்றார். அம்மா கட்டிலிலிருந்து, "தூக்கிப் போடுங்க அத, எனக்கு வேண்டாம்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பையை வாங்கிக்கொண்டேன்.

கழுவினேன். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப் போட்டேன். குமட்டும் என்று பயந்துதான் அடுப்பருகில் நின்றேன். குமட்டவில்லை. மணம் எழும்பியதும் வாயில் எச்சில் ஊறியது. சின்ன வயதில் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்த அதே அடுப்படி. கரண்டி மட்டும் இப்போது என் கையில். எனக்கு அழுகை வந்தது. மிளகு நெடி என்று அப்பாவிடம் சொன்னேன்.

உப்பை ஒரு கணக்கில் போட்டுவிட்டுக் கரண்டியோடு நிற்கிறேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "உப்புப் பாத்தியா?"

"நா எப்படிம்மா பாப்பேன்?"

எத்தனையோ வருஷக் கோபத்தை எல்லாம் இப்போது கொட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கட்டில் கிறீச்சிட்டது. தூளியோடு மெதுவாக நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். ஆயுசுக்கும் குழம்பில் நாக்குப் படாமல் சமைத்தவள், இடது உள்ளங்கையை நீட்டினாள்.

"ஊத்து."

ஒரு சொட்டு விட்டேன். அது இரண்டு சொட்டாக விழுந்தது. ஊதி நக்கிவிட்டு மோட்டுவளையைப் பார்த்தாள். அப்படிப் பார்ப்பதை என்னிடமிருந்துதான் எடுத்திருக்க வேண்டும்.

"ரெண்டு கல்லு போடு."

போட்டேன். மறுபடியும் நீட்டினாள், மறுபடியும் ஊற்றினேன். சரி என்று தலையை ஆட்டினாள். பிறகு பக்கத்து அடுப்பைக் கண்ணால் காட்டி, "அதுல என்ன?" என்றாள்.

"எனக்கு ரசம் வச்சிருக்கேன்."

"நெய்யில தாளிச்சியா?"

"எண்ணெயிலம்மா."

திரும்பிக் கொல்லைப்பக்கம் போனாள். கோபித்துக்கொண்டாளோ என்று எட்டிப் பார்த்தேன். ஒற்றைக் கையால் வாளித் தண்ணீரை மொண்டு வாயைக் கொப்பளித்தாள். இடது கையைத் துவைகல்லில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள். சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரக் கையை என் ரசச் சட்டிக்கு நேராக நீட்டினாள்.

"இப்ப இத ஊத்து. கவுச்சி வாடை இல்ல, நல்லாக் கழுவிட்டேன்."

ஊற்றினேன். நக்கிப் பார்த்தாள். "சரியா இருக்கு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, பல வருஷமாக அவள் கேட்காமல் விட்டிருந்ததைக் கேட்டாள்.

"சாப்ட்டுட்டுத்தான் வந்தியோ?"

"இல்லம்மா. பசிக்கி."

"அப்ப ரெண்டு தட்ட எடு."