சுவர் ஓட்டைக்கு ஒரு வாய்ச் சோறு

உங்கள் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் மூச்சு விடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? உடனே தலையாட்டாதீர்கள். எங்களுக்கும் தெரியும் என்றுதான் இருந்தோம்.

என் அண்ணி ரெந்தி சந்தையில் வெற்றிலை விற்பவள். காலையில் சோறு வெந்ததும், படையல் வைக்கும் வரை வீட்டில் யாரும் வாய் வைக்கக் கூடாது. வாழையிலையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை சோறு, உப்பு, அன்றைய கறியில் ஒரு துணுக்கு வைப்பாள். அடுப்புக்கு ஒன்று, தண்ணீர்ப் பானைக்கு ஒன்று, அம்மிக்கு, துடைப்பத்துக்கு, வாசலுக்கு. எங்கள் பாலித் தீவில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மற்றவர்கள் கடமைக்கு வைத்துவிட்டு ஓடுவார்கள். அண்ணி நின்று ஒவ்வொன்றோடும் பேசுவாள்.

"துடைப்பத்துக்குமா சோறு, அண்ணி? அதுக்கு வாய் எங்க இருக்கு?"

"வாயில்லாததாலதான் வைக்கிறேன். வாய் இருக்கிறவங்க கேட்டு வாங்கிக்கிறாங்களே, உங்கள மாதிரி. ஒரு நாள் முற்றம் கூட்டுங்க கொழுந்தனாரே, உங்களுக்கும் ஒரு இலை வைக்கிறேன்."

அவளுக்குப் பிள்ளை இல்லை. என் அண்ணன் முதித்தா நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஆனாலும் காப்பித்தூளில் வெந்நீர் ஊற்றும்போது எழும் வாசனைக்கு அவள் முகம் மலர்வதைப் பார்த்தால், உலகம் இவளுக்கு மட்டும் எல்லாம் சரியாகக் கொடுத்திருக்கிறது என்று தோன்றும்.

கிணற்றடியில், பக்கத்து வீட்டோடு நாங்கள் பங்கிடும் மண்சுவரின் அடியில், மழைநீர் போக ஓர் ஓட்டை உண்டு. அங்கேயும் ஓர் இலை வைப்பாள். ஒரு காலையில் அந்த இலை காணாமல் போனது. மறுநாள் அதே இடத்தில் இருந்தது. ஒரு பருக்கை இல்லாமல் துடைத்து, நான்காக மடித்திருந்தது. மடிப்புக்குள் காய்ந்த புல்லில் முறுக்கிய சின்ன வளையம்.

நாய் என்றேன். நாய் எங்கேயாவது இலையை மடிக்குமா என்று அண்ணன் கேட்டார். அன்றைக்கு அவர் பேசிய நாலு வார்த்தையும் அதிலேயே தீர்ந்தது.

தினமும் வளையம் வந்தது. அண்ணி அவற்றை அடுக்களை ஆணியில் கோத்து மாட்டினாள். "இத்தனை வருஷத்துல எனக்குத் திருப்பி நன்றி சொன்னது இது ஒண்ணுதான்," என்று அண்ணன் காதில் விழும்படி சொன்னாள்.

சில விடியல்களில் சுவருக்குப் பின்னால் கொலுசு இழைவது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு வளையங்கள் புல்லில் வருவது நின்றது. மயிரில் வந்தது. நீளமான, பாதி நரைத்த மயிர். முதல் மயிர் வளையத்தைக் கண்ட அன்று, பேயே இல்லை என்று வாதாடும் நானே தொடாமல் கையை இழுத்துக்கொண்டேன். அண்ணி மட்டும் அதையும் மாட்டினாள்.

ஊர் ஒரே முடிவுக்கு வந்தது: கண்ணுக்குத் தெரியாதவர்கள். ஏன் ஒருவருக்கும் மனிதன் என்று தோன்றவில்லை? தரையில் வைத்த படையல் பூதங்களுக்கு உரியது. மனிதன் அதைத் தொடமாட்டான். எனவே எடுத்தவன் மனிதன் இல்லை. எவ்வளவு சுத்தமான தர்க்கம்! பசி என்ற ஒன்று மட்டும் அதில் விடுபட்டிருந்தது.

பக்கத்து வீட்டு பான் ரிதிதான் முதலில் குதித்தார். "உன் சோத்தால என் வீட்டுக்குள்ள பூதம் வருது, ரெந்தி. மாடு நோவுல படுத்திடுச்சு. ஓட்டையை அடை."

அவரோடு வந்த, பேயோட்டும் வைத்தியர் கண்ணை மூடித் திறந்து, ஆமாம் என்றார். ஊர்ச்சபை கூடி, பூதங்களுக்குப் பலி வைக்கும் பூத நாளன்று அடைத்துவிடுவது என்று தீர்மானித்தது. அடைப்பது யார்? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீதானே பேயே இல்லன்னு கத்துறவன்? நீயே பூசு," என்றார் பான் ரிதி. கூட்டம் சிரித்தது.

அண்ணி சிரிக்கவில்லை. அவளுக்கு இருந்த ஒரே விருந்தாளியைப் பறிக்கிறார்கள். "அது பசியோட இருந்தா என்ன பண்ணும்?" என்று மட்டும் கேட்டாள். கூட்டம் எழுந்து கலைந்தது.

பூத நாள் காலையில் நான் சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி உள்ளங்கை நிறையச் சோறும், ஒரு துண்டு பொரித்த மீனும் வைத்து இலையை ஓட்டைக்குள் தள்ளினாள். இலை மெல்ல உள்ளே நகர்ந்து மறைந்தது.

"நகருங்க அண்ணி. காயறதுக்குள்ள பூசணும்."

"இருங்க. இலை திரும்பி வரட்டும்."

"பேய்க்கு என்ன அவசரம், நிதானமா சாப்பிடட்டும்கிறீங்களா?"

"வாய மூடுங்க."

அவள் மண்டியிட்டு ஓட்டைக்குள் கையை விட்டாள். கொலுசுச் சத்தம் கேட்டது, மிக அருகில். இருட்டுக்குள்ளிருந்து விரல்கள் வந்தன. நகங்கள் வளர்ந்து சுருண்டிருந்தன. அவை அண்ணியின் கையைத் தடவி, மடித்த இலையை வைத்து, அப்படியே பிடித்துக்கொண்டன. நான் பூச்சுக் கரண்டியைக் கீழே போட்டேன். அண்ணி கையை இழுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

"கொழுந்தனாரே, சூடா இருக்கு."

கடப்பாரையை எடுத்தேன். மழையில் ஊறிய மண்சுவர் நாலு குத்தில் சரிந்தது. பான் ரிதி மறுபக்கத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார். வந்தவர், சத்தம் கேட்டு வந்திருந்த அண்ணன் முதித்தா அரிவாளோடு சும்மா நிற்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

இடிந்த சுவருக்குப் பின்னால், பான் ரிதியின் பழைய மாட்டுக் கொட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கணுக்காலில் சங்கிலி, மறுமுனை தூணில். ஓட்டை வரைக்கும்தான் எட்டும் நீளம். நாங்கள் கேட்ட கொலுசு அதுதான். பான் ரிதியின் தங்கை ஜெம்பிரிங். கல்யாணம் ஆகி சுலவேசித் தீவுக்குப் போய்விட்டாள் என்று அவர் சொன்னவள். அங்கே பிள்ளை பிறந்து இறந்து, புத்தி கலங்கி, புருஷனால் திருப்பி அனுப்பப்பட்டவள். சங்கிலி போடச் சொன்னவர் அதே வைத்தியர்.

அவள் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, எங்களையெல்லாம் விட்டுவிட்டு அண்ணியை மட்டும் பார்த்தாள்.

"இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கல், அக்கா," என்றாள்.

அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள்.

ஊர்ச்சபை மறுபடி கூடியது. எதற்கு? சங்கிலி போட்டவனைக் கேள்வி கேட்கவா? சுவர் இடிந்த தோஷத்துக்குப் பரிகாரம் எப்படிச் செய்வது என்று பேச! நான் அங்கே பேசியதை இங்கே எழுத முடியாது. இப்போது ஜெம்பிரிங் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். சுகாதார நிலையத்துத் தாதி வாராவாரம் வந்து மாத்திரை கொடுக்கிறாள். நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. கொட்டிலில் இருந்தபோது அந்த இலை வந்தால்தான் விடிந்தது என்று தெரியுமாம் அவளுக்கு.

காலையில் இருவரும் சேர்ந்தே இலை வைக்கிறார்கள். பூதம் எதுவும் வந்து தின்பதில்லை, எறும்பும் கோழியும்தான் தின்கின்றன என்று இன்றும் சொல்கிறேன். "தின்னட்டுமே, அதுங்களும் நம்ம வீடுதானே," என்கிறாள் ஜெம்பிரிங். இடிந்த சுவரைக் கட்ட அண்ணி இன்னும் விடவில்லை.

நாளைக் காலை, முதல் கவளத்துக்கு முன்னால், உங்கள் சுவரில் ஒருமுறை காது வையுங்கள். சத்தம் கேட்டால் வைத்தியரைத் தேடி ஓடாதீர்கள். கையை உள்ளே நீட்டுங்கள். சூடாக இருந்தால், சுவரை இடியுங்கள்.