அத்தை ஊர் மணல்

கடலுக்கு எங்கள் வீட்டின் மேல் என்ன கோபமோ, அந்த ஐப்பசியில் கொல்லைப்புறத்துக்கே வந்துவிட்டது. கோடையில் அப்பா படகை ஏற்றி வைத்திருந்த மணலைக் காணோம். கரை செங்குத்தாக அறுந்து, தென்னை வேர்கள் வெளியே தொங்கின. ஒவ்வொரு அலைக்கும் அடுப்படிச் சுவருக்குக் கீழே மண் பொலபொலவென்று சரியும். அம்மா உலை வைப்பதும் வாசலுக்கு ஓடிவந்து நிற்பதுமாக இருந்தாள். கடைசியில் சட்டி பானை, மிக்சி, வலை எல்லாவற்றையும் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வடக்கே அடுத்த ஊரிலிருந்த அத்தை வீட்டுக்குப் போனோம்.

அத்தை அப்பாவின் தங்கை. வாய் ஓயாமல் கேலி பேசுவாள். அண்ணனுக்குக் கடலை அடக்கத் தெரியவில்லை, தன் ஊர்க் கடல் தன்னைக் கண்டால் தள்ளித்தான் நிற்கும் என்பாள். அதில் பொய்யில்லை. அங்கே கருவாடு காயப்போட்டது போக நாங்கள் கபடி ஆடவும் மணல் மிச்சமிருந்தது. அப்பாதான் சரியாகச் சாப்பிடவில்லை. விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு, வீடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்.

மழை ஓய்ந்ததும் எங்கள் ஊரில் கல் கொட்டினார்கள். கல்லுக்குப் பஞ்சமான வண்டல் பூமி எங்களுடையது. புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு லாரியின் பின்னாலும் பிள்ளைகள் ஓடினார்களாம். கடலுக்குள் நீண்டு வளைந்த அந்தக் கல்வரிசைக்குத் தூண்டில் வளைவு என்று பெயர். தெற்கேயிருந்து அலையோடு நகர்ந்துவந்த மணல் அதில் தட்டி, எங்கள் கரையிலேயே தங்கிவிட்டது. பங்குனிக்குள் படகை ஏற்றி வைக்க இடம் வந்தது. வீடு தப்பித்தது. அன்றைக்கு அப்பா அத்தை வைத்த குழம்பைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்.

எனக்குத்தான் கிளம்ப மனமில்லை. அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அழுவாதடி. ஒரு நாளைக்கு நானே சட்டி பானையோட ஒங்க ஊட்டுக்கு வந்துடுறேன், போதுமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

வீடு திரும்பிய நிம்மதியை நினைத்தால் இன்றும் மனம் லேசாகிறது. அம்மா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மீன் ஆய்ந்தாள். அப்பா பட்டப்பகலில் மணலில் படுத்துக் குறட்டை விட்டார்.

ஓரிரு வருடம் போயிருக்கும். மழைக்காலத்தில் ஒரு மாலை, எங்கள் வாசலில் குட்டி யானை வந்து நின்றது. அத்தையும் மாமாவும் இறங்கினார்கள். பின்னால் சட்டி பானை, கட்டில், வலை. எல்லோரும் முழுசாக வந்து சேர்ந்ததே போதும் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊடு நிக்கிதா?" என்று மட்டும் அப்பா கேட்டார்.

"அடுப்படி போச்சுண்ணே." அத்தை எங்கள் அகலமான கரையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "எங்கூருக்கு வர்ற மணலெல்லாம் இங்கயே தங்கிட்டு போலருக்கு" என்று சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. சாமான்களை இறக்கப் போய்விட்டார்.

அதெல்லாம் என் காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. சொன்னபடியே சட்டி பானையோடு வந்துவிட்டாள் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் அத்தை சொன்ன சொல் தவறாதவள் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.